இருநூற்று எழுபத்தோரு சோடி

மேற்கே மலையும் கிழக்கே கருவேலங்காடுமாகக் கிடக்கிற பூலாங்கரை என்ற ஊரில், மழை என்று பேர் சொல்லிக்கொள்ள வராமல் ஆனி ஆடியில் சாரல் மட்டும் வந்து தலையைத் தடவிவிட்டுப் போகிற அந்த ஊரில், டெலிபோன் எக்சேஞ்ச் இடிந்து மண்ணாகி இருபத்தைந்து வருஷம் ஆன பிறகும் எக்சேஞ்ச் தெரு என்றே பேர் தங்கிவிட்ட தெருவில், பிரமநாயகி என்கிற ஒண்டிக்கட்டைப் பொம்பளையின் வீட்டு வாசலில், ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்தபோது யாரோ ஒரு சோடிச் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்கள்.

ஆம்பிளைச் செருப்பு. நீல வார் போட்ட ரப்பர் செருப்பு, குதிகாலில் தேய்ந்தது. வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கும் என்பதுதானே வழக்கம். பிரமநாயகியும் தண்ணீர் தெளிக்கக் கொண்டுவந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, முன்னறையைப் பார்த்தாள், படுக்கிற அறையைப் பார்த்தாள், அடுப்படியைப் பார்த்தாள், கொல்லையில் கக்கூஸ் கதவைத் தட்டிக்கூடப் பார்த்தாள். ஆள் இல்லை. வந்தவர் எங்கேயோ கடைப்பக்கம் போயிருக்கிறார், வருவார் என்று இரண்டு தம்ளர் காப்பி போட்டாள். ஒன்றைக் குடித்தாள். இன்னொன்று ஆடை படிந்து ஆறியது. அதையும் அவளே குடித்தாள்.

பத்து மணிக்குக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அவள் எழுதிக்கொண்டுவந்த பிளாக்கின் ஓரத்தில், சந்தாதாரர்கள் என்ற சொல்லுக்குப் பக்கத்தில், பதினொரு மாசமாகப் பூஜ்யம் நின்ற இடத்தில் ஒன்று நின்றது.

"சரிதான்" என்று சொல்லிக்கொண்டு எழுந்து போய், வெயிலில் கிடக்காதபடிக்கு அந்தச் செருப்பை எடுத்து வாசல் சுவரோரமாகத் தள்ளி வைத்தாள். அவ்வளவுதான். அதற்குமேல் அதில் அவளுக்குக் கேட்க ஒன்றும் இல்லை. முகம் தெரியாதவர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்து காதுக்குள் நின்றுவிட்டுப் போவதைப் பார்த்தே வயசானவள் அவள். காதுக்கு வந்தவர்கள் இப்போது வாசலுக்கு வருகிறார்கள், அவ்வளவுதானே வித்தியாசம்.

காது என்றா சொன்னேன், ஆமாம், காதுதான் அவளுக்குச் சோறு போட்டது. இருபத்திரண்டு வயசில் எக்சேஞ்சில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தாள். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முன்னால் ஓட்டை ஓட்டையாக நிற்கிற போர்டில் வயரைச் செருகி, பூலாங்கரையை மெட்ராஸோடும் பம்பாயோடும் தூத்துக்குடியோடும் பேசவைத்தவள் அவள்தான். அந்தக் காலத்து டிரங்க் காலுக்கு மூன்று நிமிஷம்தான் கணக்கு. மூன்றாவது நிமிஷம் முடியும்போது ஆப்பரேட்டர் நடுவில் புகுந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கவா?" என்று கேட்க வேண்டும். நீட்டிக்கச் சொன்னால் விட வேண்டும். வேண்டாம் என்றால் வயரைப் பிடுங்க வேண்டும். அந்த ஒரு கேள்வியை ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டு, வருஷம் முழுக்கக் கேட்டு, தூக்கத்தில்கூடக் கேட்டு வளர்ந்த வாய் அது.

அதனால்தான் வேலையெல்லாம் முடிந்து வீட்டில் உட்கார்ந்த பிறகு, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற செய்யது மீரான் பிளாக் ஒன்றை ஆரம்பித்துக் கொடுத்து, "என்ன பேருக்கா வைக்க?" என்று கேட்டபோது, யோசிக்காமல் "மூணு நிமிஷம்" என்றாள். படித்து முடிக்க மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகாத கதைகள். சென்னைக்குக் கால் போட்டு மூன்று நிமிஷமும் "அப்புறம்... அப்புறம்..." என்றே கேட்டுவிட்டு வைத்த கத்திரிக்காய் வியாபாரியின் கதை. காது கேட்காத தாயாருக்கு மாசம் ஒரு கால் போட்டு, ஒன்றும் பேசாமல் இருமிக் காட்டிவிட்டு வைக்கிற மகனின் கதை, அந்த இருமலை அந்தப் பக்கம் இருக்கிற தங்கச்சிக்காரி கையால் தாயாருக்கு நடித்துக் காட்டுவாளாம். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக எழுதினாள். எதை எழுதினாலும் ஒன்றை மட்டும் எழுதவில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் இத்தனையும் எழுதினாள்.

அவளுக்கு ஒரு அக்காள் உண்டு. உலகம்மாள். நாலு வயசு மூத்தவள். சின்னதில் தண்ணித்தொட்டிச் சுவரிலிருந்து விழுந்து இடது கால் குட்டையாகிப்போய், நடக்கும்போது அந்தக் காலின் நுனியைத் தரையில் இழுத்து நடப்பாள். எந்தச் செருப்பு வாங்கிக் கொடுத்தாலும் இரண்டே மாசத்தில் இடது செருப்பின் முன்பக்கம் பிறை போலத் தேய்ந்துவிடும். காலைச் சொல்லிச் சொல்லி வந்த மாப்பிள்ளையெல்லாம் திரும்பிப் போய், கடைசியில் சூரத்தில் இருந்த ஒரு இரண்டாம் தாரக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். போனவள் திரும்பவில்லை. பேச்சு நின்று முப்பத்திரண்டு வருஷம். போட்ட கடிதமெல்லாம் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாத ஒருத்திக்கு எந்த முகவரிக்கு எழுதுவது? எல்லா முகவரிக்கும் எழுத வேண்டியதுதான். ஆயிரம் பேர் படித்தால் அதில் ஒருத்தி அவளாக இருக்கமாட்டாளா, அவளாக இல்லாவிட்டாலும் அவள் பக்கத்து வீட்டுக்காரியாக இருக்கமாட்டாளா என்பதுதான் பிரமநாயகியின் எண்ணம்.

அதனால் செருப்பு வர ஆரம்பித்ததும் தினமும் விடிந்தவுடன் அவள் செய்த முதல் வேலை, புதிதாய் வந்தவற்றில் இடது செருப்பை எடுத்து நுனியைப் பார்ப்பது.

ஒன்று ஏழாயிற்று, ஏழு நாற்பதாயிற்று. கனடாவிலிருந்து ஒருத்தருடைய பூட்ஸ் வந்தது, அதில் ஒட்டியிருந்த பனி பத்து மணி வரைக்கும் உருகவில்லை. தேயிலைத் தோட்டத்து ரப்பர் பூட்ஸ் ஒன்று உள்ளே நெளிகிற அட்டையோடு வந்தது. நர்ஸம்மாவின் வெள்ளைச் செருப்பு டெட்டால் மணத்தோடு வந்தது. ஒரே ஒரு வலது செருப்பு மட்டும் வந்தது, அதையும் ஒரு சோடியாகத்தான் கம்ப்யூட்டர் எண்ணியது. சேர்ந்தவர் யாராவது விலகிக்கொண்டால் மறுநாள் காலையில் அந்தச் சோடி இருக்காது, இருந்த இடத்தில் தரை மட்டும் காய்ந்து கிடக்கும். இன்னொன்றையும் அவள் கண்டுபிடித்தாள். கதையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து தொட்டுப் பார்த்தால் சில செருப்புகள் சூடாக இருக்கும், இப்போதுதான் காலை எடுத்தது மாதிரி. அந்நேரம் அவர்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மூன்று நிமிஷத்தில் ஆறிவிடும். அந்தச் சூட்டில் கையை வைத்துக்கொண்டு அவள் வாசலில் குத்தவைத்திருப்பாள். அவளைத் தொட்ட வேறு சூடு அந்த நாளில் காப்பித் தம்ளர் மட்டும்தான்.

தெரு இதை எடுத்துக்கொண்ட விதம்தான் வேடிக்கை.

எதிர்வீட்டுத் தையல்காரி மரிய புஷ்பம் முதல் நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் வாசலுக்கே வந்து கேட்டாள். "எக்கா, வீட்ல விருந்தாளா?"

"இல்ல புஷ்பம். நான் எழுதுறத வாசிக்கிறவங்க."

"உள்ள இருக்காவளா?"

"அவங்கவங்க வீட்ல இருக்காவ. செருப்பு மட்டும் இங்க."

"அதானே பாத்தேன், ஒரு தும்மல் சத்தங்கூடக் கேக்கலியேன்னு" என்று சொல்லிவிட்டுப் புஷ்பம் போய்விட்டாள். மறுநாளிலிருந்து தன் வாசலைப் பெருக்கும்போது இந்தச் செருப்புகளையும் ஒரு தட்டுத் தட்டி வரிசைப்படுத்திவிட்டுப் போனாள். தண்ணி லாரிக்காரன் வீட்டுக்கு வீடு ஆளை எண்ணிக் குடம் ஊற்றுகிறவன், செருப்பை எண்ணிப் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்கு எட்டுக் குடம் கூட ஊற்றினான். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை, "இத்தன பேருக்கு ஒரு கொடம் எப்பிடிம்மா காணும்?" என்றான். எண்பது சோடி ஆன அன்றைக்கு, பழைய எக்சேஞ்சில் அவளோடு வேலை பார்த்த சூப்பர்வைசர் ஒருவர் தெரு வழியாகப் போனவர், வாசல் நிறையக் கிடந்த செருப்பையும் திறந்த கதவையும் சத்தமில்லாத வீட்டையும் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் ரோஜாமாலை ஒன்றை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி உள்ளே வந்தார். பிரமநாயகி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார்" என்றாள்.

அவர் மாலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சாமி படம் எங்கம்மா இருக்கு?" என்றார்.

அந்த மாலையை முருகன் படத்துக்குப் போட்டுவிட்டு, ஒரு வாய் மோர் குடித்துவிட்டுப் போனார். வெளியே பார்த்தால் கலியாண வீடு. உள்ளே ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு பாய். அப்படித்தான் இருந்தது அந்த வீடு.

எண்பதோடு நின்றுபோயிற்று. இரண்டு மாசம் ஏறவில்லை. பிரமநாயகி மீரான் கடைக்குப் போனாள். கூட்டம் இல்லாத நேரம். ஆதார் கார்டை ஜெராக்ஸ் போட்டுக்கொண்டே அவன் சொன்னான். "எக்கா, நீங்க கத நல்லாத்தான் சொல்லுதிய. ஆனா தலைப்பப் பாத்தா ரேஷன் கார்டு மாதிரி இருக்கு. 'கத்திரிக்காய் வியாபாரி.' இத எவன் தொறப்பான்? ஒரு கொக்கி வேணும்லா."

"என்ன கொக்கி?"

"'அந்த மூன்று நிமிடத்தில் அவர் சொன்னது என்ன?' அப்பிடிப் போடுங்க."

"அவரு ஒண்ணுமே சொல்லலியே மீரான். அப்புறம், அப்புறம்னுதான..."

"அது உள்ள வந்து தெரிஞ்சுக்கிடட்டும். வாரம் ஒண்ணு காணாது, தெனம் போடணும். கடசியில பிடிச்சா நாலு பேருக்கு அனுப்புங்கன்னு போடணும். வெக்கப்பட்டா ஆவாது."

அவள் வெட்கப்படவில்லை. தினமும் எழுதினாள். கொக்கி போட்டாள். ஒவ்வொரு கதையின் அடியிலும், பிடித்தால் நாலு பேருக்கு அனுப்புங்கள் என்று எழுதி, அதற்குக் கீழே தன் கையாக ஒரு வரி சேர்த்தாள்: 'உங்கள் வீட்டில் அக்காமார் இருந்தால் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.'

அந்த வரியில் என்ன இருந்ததோ, செருப்பு கொட்ட ஆரம்பித்தது. நூறு, நூற்றைம்பது, இருநூறு. வாசல் நிறைந்து, சாக்கடைப் பாலத்தைத் தாண்டி, புஷ்பம் வீட்டுப் படி வரைக்கும் போயிற்று. முந்நூற்றுப் பதினாறு என்று கம்ப்யூட்டர் காட்டிய அன்று காலையில் பிரமநாயகி, அந்த ஒற்றை வலது நீங்கலாக, முந்நூற்றுப் பதினைந்து இடது செருப்புக்கும் நுனி பார்த்தாள். ஒன்றிலும் பிறை இல்லை. நிமிர்ந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. புஷ்பம்தான் தூக்கிவிட்டாள்.

"அப்பிடி யாருக்கா வரணும் ஒனக்கு?"

அவள் சொல்லவில்லை. அக்காள் என்று சொல்லியிருந்தால் ஏன் பேச்சில்லை என்று கேட்பாள், அதற்குப் பதில் அவளிடம் இருந்தது, அதனால் சொல்லவில்லை.

அந்த வாரம்தான் சுடலைமுத்து அண்ணாச்சி வந்தார். கோயிலில் செருப்பு வைக்கிற இடத்தை ஏலம் எடுத்து நடத்துகிறவர். தன் தொழிலுக்குப் போட்டியாக எவளோ தெருவில் கிளம்பியிருக்கிறாள் என்று சண்டை போட வந்தவர், செருப்புகளை நடந்து நடந்து பார்த்துவிட்டுச் சாந்தமாகிவிட்டார்.

"டோக்கன் இல்லாமயா இத்தன செருப்பு கெடக்கு? ஒண்ணும் காணாமப் போவலியா?"

"அப்பப்ப போவும் அண்ணாச்சி. விலகிட்டாங்கன்னா போயிரும்."

"போறது நல்லதும்மா. கோயில்ல செருப்பு தொலஞ்சா பீடை தொலஞ்சுதும்பாவ. எங்கிட்ட டோக்கன் வாங்கிட்டு, வேணும்னே எடுக்காமப் போறவன் எத்தன பேரு தெரியுமா? என் ஸ்டாண்டுல பாதி பீடைச் செருப்புதான். அதக் கொண்டுபோய்க் கொட்ட எடமில்லாமச் சாவுதேன்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் கோயிலில் ஒரு ஆளிடம் சொன்னார், எக்சேஞ்ச் தெருவில் ஒரு வீட்டு வாசலில் செருப்பு தானாக வருது, தானாகப் போவுது, அங்கே விட்டால் பீடை எங்கே போச்சுன்னே தெரியாது என்று. ஒரு ஆளிடம் சொன்னால் போதாதா? கோர்ட்டில் வழக்கு இழுத்துக்கொண்டிருக்கிறவன் வந்து செருப்பை விட்டான். மாசமாகாத பெண்ணை அவள் மாமியார் கூட்டிவந்து விடவைத்தாள். சனி பிடித்தவன், வேலை போனவன், பொண்ணு கிடைக்காதவன், கண்ணேறு பட்ட கறவை மாட்டின் சொந்தக்காரன் எல்லாரும் வந்து தெருமுனையில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, செருப்பைக் குவியலில் உதறிவிட்டு, திரும்பிப் பாராமல் வெறுங்காலோடு ஓடினார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் புதுச் செருப்புக் கடை ஒன்று தொடங்கியது.

கம்ப்யூட்டர் முந்நூற்றுப் பதினாறு என்றது. வாசலில் ஆயிரத்துக்குமேல் கிடந்தது. எது வாசிக்கிறவன் செருப்பு, எது கழித்துப்போட்ட செருப்பு என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும், அதுவும் அவன் வாசிக்கிற மூன்று நிமிஷத்துக்குள் தொட்டால்தான் தெரியும். ஆயிரத்தை மூன்று நிமிஷத்தில் எந்தக் கை தொடும்?

"அள்ளி லாரில போட்டுருவோம் எக்கா" என்றாள் புஷ்பம். "ஊர்ப் பீடையெல்லாம் ஒன் வாசல்ல கெடக்கு. ஒனக்கு ஆவாது."

"வாசிக்கிறவங்களோடதும் சேந்து போயிருமே."

"எந்த வாசிக்கிறவன் ஒனக்கு ஒரு வாய்த் தண்ணி மோந்து தந்தான்? எக்கா, கோவப்படாத. முந்நூறு பேரு செருப்பு கெடக்கு, ஒத்தக் காலு உள்ள வரலியே."

பிரமநாயகி கோபப்படவில்லை. அது உண்மை. அந்தக் குவியலில் அவளுடைய சொந்தச் செருப்பே எங்கேயோ புதைந்து, கடைக்குப் போக முடியாமல் நாலு நாளாக ரசத்தை வைத்தே ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். கொக்கி போட்டதும் நாலு பேருக்கு அனுப்பச் சொன்னதும் சரி, ஆனால் கூப்பிட வேண்டியவளை அவள் இன்னும் கூப்பிடவே இல்லை என்று அன்றைக்குத் தோன்றியது. உட்கார்ந்தாள். தலைப்பில் கொக்கி போடவில்லை. 'என் அக்காளின் கால்' என்று போட்டாள்.

அதில் எழுதியது இதுதான். தொண்ணூற்று ஒன்றில் ஒரு மத்தியானம் சூரத்திலிருந்து ஒரு லைட்னிங் கால் வந்தது, சாவுக்கும் பிழைப்புக்கும் மட்டும் போடுகிற கால். போர்டில் இருந்தது நான்தான். பேசியது என் அக்காள். புருஷன் அடிக்கிறான் என்றாள், விறகுக்கட்டையால் அடிக்கிறான், அதுவும் நல்ல காலைப் பார்த்து அடிக்கிறான் என்றாள். இரண்டு நிமிஷம் அழுதாள். பிறகு, 'ஏட்டி நாயகி, நான் அங்க வந்திரட்டுமா?' என்றாள். எனக்கு அடுத்த மாசம் பூ வைத்து நிச்சயம் பண்ண மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தார்கள். வாழாமல் திரும்பி வந்த அக்காள் வீட்டில் இருந்தால் அவர்கள் வருவார்களா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த ஒரு நிமிஷம் ஓடிவிட்டது. மூன்று நிமிஷம் ஆகும்போது நீட்டிக்கவா என்று ஊரில் எல்லாரையும் கேட்ட நான், என் அக்காளைக் கேட்கவில்லை. வயரைப் பிடுங்கினேன். லைன் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அவள் மறுபடி போடவில்லை. பூ வைக்க அவர்களும் வரவில்லை.

போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். செருப்புகள் சூடாக இருந்தன. ஒன்றிரண்டு அல்ல, அங்கங்கே, அங்கங்கே, கை வைத்த இடத்திலெல்லாம் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரிச் சுட்டன. மூன்று நிமிஷத்தில் ஆறின. மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் இருநூற்று எழுபத்தொன்று என்றது. நாற்பத்தைந்து பேர் அவளை விட்டுப் போயிருந்தார்கள். நர்ஸம்மா போய்விட்டாள். அந்த ஒற்றைச் செருப்புக்காரரும் போய்விட்டார். பிரமநாயகி அவர்களைக் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு எழுதவும் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, அதே இருநூற்று எழுபத்தொன்று. பீடைச் செருப்பு மட்டும் வந்துகொண்டே இருந்தது.

ஆடி கடைசியில் ஒரு நாள் காலை, நல்ல சாரல். கதவைத் திறந்தாள். பழக்க தோஷத்தில் வாசற்படிக்குக் கீழே குனிந்தாள். குவியலில் உதறிப் போடாமல், படிக்கு நேராக, வீட்டுக்குள் போகிறவர்கள் கழற்றுகிற மாதிரி ஒழுங்காகக் கழற்றி வைத்த ஒரு சோடி. பொம்பளைச் செருப்பு. இடது செருப்பின் நுனி பிறை போலத் தேய்ந்திருந்தது.

அவள் அலறவில்லை. உள்ளே போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள், இரண்டு தடவை தப்பாக அமுக்கினாள். இருநூற்று எழுபத்தொன்று. கூடவில்லை. அப்படியானால் இது வாசிக்கிறவள் செருப்பு இல்லை. திரும்ப வந்து தொட்டாள். ஊர்ச் செருப்பெல்லாம் சாரலில் நனைந்து விறைத்துக் கிடக்க, அந்தச் சோடி மட்டும் உள்ளே ஈரமில்லாமல் வெதுவெதுவென்று இருந்தது. எண்ணிக்கை கூடவில்லை, சூடு மட்டும் இருக்கிறது. செருப்பு தானாக வரவில்லை. கால் வந்திருக்கிறது.

தெருவில் இரண்டு பக்கமும் பார்த்தாள். எதிர்வீட்டில் புஷ்பம் வாயில் ஊசியோடு, "ஒரு வயசான அம்மா நின்னாவ எக்கா, இவ்வளவு நேரம். கதவத் தட்டப்போறாவன்னு பாத்தேன். கழட்டி வச்சுட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிட்டாவ, கொஞ்சம் இழுத்து இழுத்து..." என்றாள்.

பிரமநாயகிக்குத் தன் செருப்பைத் தேட நேரமில்லை. அந்தச் செருப்பிலேயே காலை நுழைத்தாள். "எக்கா, அடுத்தவ பீடை, போடாத" என்று புஷ்பம் கத்துவது காதில் விழுந்தது. இடது செருப்பின் நுனி தேய்ந்திருந்ததால் கால் முன்னால் சறுக்கி, அவளும் இழுத்து இழுத்துத்தான் நடக்க வேண்டியிருந்தது. எக்சேஞ்ச் தெரு, மீரான் கடை, புதுச் செருப்புக் கடை எல்லாவற்றையும் அக்காளின் நடையிலேயே கடந்து போனாள்.

பஸ் ஸ்டாண்டில் சங்கரன்கோயில் பஸ் நின்றது. டிரைவர் டீக்கடையில் நின்றான். சிமெண்டு பெஞ்சில், ஒரு மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஈரத்தரையில் படாமல் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு உலகம்மாள் உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. விரல் நுனியெல்லாம் நார் அறுத்த தழும்பு. அவள் தங்கச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.

"அத ஏன்ட்டி மாட்டிட்டு வந்த?"

"என் செருப்பு குவியல்ல போயிருச்சு."

"வெறுங்கால்ல வரவேண்டியதுதான. கழிச்சுட்டுப் போட்ட பீடை அது."

பிரமநாயகி பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்.

"நான் எழுதுனத வாசிச்சியாக்கா?"

"என்ன எழுதுன?"

"கம்ப்யூட்டர்ல. ஒனக்குத்தான்."

"எனக்கு எங்க கம்ப்யூட்டர். அந்த ஆளு செத்தபொறவு சங்கரன்கோயில்ல வந்து பூக் கெட்டுதேன், ஒம்பது வருசமா. கூடக் கெட்டுத பொம்பளைய சொன்னாளுவ, பூலாங்கரையில ஒரு வீட்டு வாசல்ல செருப்ப விட்டா முப்பது வருசப் பீடை போவும்னு. எந்தத் தெருன்னேன். எக்சேஞ்சு தெரு, பழைய ஆப்பரேட்டரம்மா வீடுன்னாளுவ."

"தெரிஞ்சுதான் வந்தியா?"

"தெரிஞ்சுதான் வந்தேன். எங்க புடிச்சுதோ அங்கதான கொண்டு விடணும்."

டீக்கடையில் டிரைவர் தம்ளரை வைத்துவிட்டு வாயைத் துடைத்தான். கண்டக்டர், "மூணு நிமிசத்துல எடுத்துருவோம், ஏறுறவங்க ஏறுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

"அன்னைக்கு லைன் போவலக்கா" என்றாள் பிரமநாயகி. முப்பத்திரண்டு வருஷமாக அவள் தொண்டையில் இருந்தது இவ்வளவு சின்னதாக வெளியே வந்தது அவளுக்கே ஏமாற்றமாக இருந்தது. "நாந்தான் வயரப் புடுங்குனேன்."

"தெரியும்."

"எப்பிடி?"

"லைன் போனா கர்ருன்னு எரையும். எத்தன தடவ போயிருக்கு, எனக்குத் தெரியாதா? அன்னைக்கு ஒரு சத்தமும் இல்ல. கதவச் சாத்துனாப்புல இருந்துச்சு."

சாரல் கொஞ்சம் வலுத்தது.

"கதவத் தட்டிருக்கலாம்லாக்கா."

"தட்டத்தான் கையத் தூக்குனேன். அம்புட்டுச் செருப்பு கெடக்கு. பாதி பீடைச் செருப்பு, மீதி அந்தம்மாவத் தேடி வந்தவங்க செருப்புன்னு பஸ்ஸுல பேசிக்கிட்டாவ. பாதின்னாலும் வீடு நெறஞ்ச ஆளு. இவளுக்கு இன்னும் ஒரு நொண்டி எதுக்குன்னு திரும்பிட்டேன்."

"உள்ள ஆளு கெடையாது" என்றாள் பிரமநாயகி. "நான் ஒருத்திதான். ரெண்டு பேருக்குக் காப்பி போட்டு ரெண்டையும் நானே குடிக்கேன்."

உலகம்மாள் அப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். பஸ் உறுமி, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி, புகையைக் கக்கியது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பெஞ்சைப் பார்த்தான்.

பிரமநாயகி செருப்பைக் கழற்றி, நுனி தேய்ந்த பக்கம் அக்காள் பக்கமாக இருக்கும்படி திருப்பி, காலால் மெல்ல நகர்த்தி வைத்தாள். பிறகு கையை மடியில் கோத்துக்கொண்டாள். ஊரெல்லாம் கேட்ட அதே குரலில், போர்டு முன்னால் உட்கார்ந்திருந்த இருபத்தொன்பது வயசுக் குரலில் கேட்டாள்.

"மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கவா?"

விசில் சத்தம் கேட்டது, பஸ் நகர்ந்தது. உலகம்மாள் மடியில் இருந்த மஞ்சள் பையை எடுத்து, இரண்டு பேருக்கும் நடுவில், பெஞ்சின் மேல் இறக்கி வைத்தாள்.